தகர லாந்தர்காரன்

அந்தப் பெட்டியை நான் வாங்கியதற்குக் காரணம் என் முன்கோபம்தான். மூர் மார்க்கெட்டில் பாபுவின் கடை முன்னால் நின்று பழைய மேஜை விளக்கு ஒன்றுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த ரிக்கார்டு பிளேயரைச் சும்மா தொட்டுப் பார்த்தேன். உடனே பாபு, "அது உனுக்கு வேணாம்மா. அமெரிக்கா சாமான். நம்ம ஊரு தட்டு அதுல குந்தாது" என்றார். உனக்கு வேண்டாம் என்று எவராவது சொல்லிவிட்டால் எனக்கு அது உடனே வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என்னோடு வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் இது தெரியும். பாபுவுக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டதோ என்னவோ, விளக்கைத் தூர வைத்துவிட்டுப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. ஊர் திரும்பிய ஓர் அமெரிக்கப் பாதிரியார் குடும்பம் விற்றுவிட்டுப் போன பெட்டி அது. நம் ஊர் ரிக்கார்டுக்கு நடுவில் பென்சில் நுழைகிற அளவுக்குத்தான் ஓட்டை இருக்கும். இந்தப் பெட்டியின் நடுத்தண்டோ சோடா பாட்டில் கழுத்துப் பருமன். அமெரிக்காவிலிருந்து வருகிற, பெரிய ஓட்டை போட்ட சின்ன ரிக்கார்டுகள் மட்டும்தான் அதில் உட்காரும். பக்கத்துக்கு ஒரு பாட்டு, அவ்வளவுதான். அப்படிச் சிலவற்றைப் பாபு பெட்டியோடு சேர்த்தே கொடுத்தார். பெரும்பாலும் ஒரே கோஷ்டி. லேபிளில் 'தி டின் லேன்டர்ன்ஸ்' என்று போட்டிருந்தது. தமிழில் சொன்னால் தகர லாந்தர்கள். பெயரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் பஸ் ஏறினேன்.

அமெரிக்காவில் வோல்ட் நம்மூரில் பாதி என்றும், அப்படியே செருகினால் புகைந்துவிடும் என்றும் மைக் செட் நாகப்பன் சொன்னார். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் குழாய் கட்டுகிறவர். அவரே ஒரு டிரான்ஸ்பார்மர் சுற்றித் தகர டப்பாவில் அடைத்துக் கொடுத்தார். "இத்த நடுவுல போட்டுட்டா, தான் அமெரிக்காவுலதான் கீறோம்னு நெனச்சிக்கினு அது பாட்டுக்கு ஓடும் பாரு" என்றார். அதுவும் ஓடியது.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. அம்மா அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் பிள்ளைப்பாக்கத்தில் இருந்தான். தீபாவளிக்குப் போனால் அண்ணி என்னைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அறிமுகம் செய்யும்போது, "இன்னும் ஆவல" என்று முடிப்பாள். என்ன ஆகவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். சந்திரம்மாள் வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். கீழே அந்த அம்மாள், மேலே நான், நடுவே எங்கள் இருவருக்கும் பொதுவான ஒரு தண்ணீர்க் குழாய்ச் சண்டை. எக்ஸ்சேஞ்சில் பகலெல்லாம் ஊர் உலகமே என் காதில் பேசும். என்னிடம் மட்டும் யாரும் பேசமாட்டார்கள். நம்பர் கேட்பார்கள், கிடைக்கவில்லை என்றால் திட்டுவார்கள்.

முதல் நாள் சாயங்காலம் லாந்தர்கள் ரிக்கார்டு ஒன்றைப் போட்டபோது கையில் காபி டம்ளர் இருந்தது. பாட்டு முடிகிறவரை அதைக் கீழே வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. ஓர் ஆண் குரல். கனத்த, களைத்த குரல். ஒரு வார்த்தையைப் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கும். நாளைக்கு வந்துவிடுவேன், நாளைக்கு வந்துவிடுவேன் என்று எவளிடமோ சொல்லிக்கொண்டே இருக்கிறான். அந்த நாளை வராது என்று அவனுக்கே தெரிகிறது. தெரிந்தும் சொல்கிறான், ஏனென்றால் சொல்வதற்கு அவனிடம் வேறெதுவும் இல்லை. பின்னால் கிடாரும் டிரம்மும் அவனை அவசரப்படுத்தாமல் கூடவே நடந்து வருகின்றன. எனக்கு இங்கிலீஷ் தகராறில்லை. தகராறாக இருந்திருந்தாலும் இது புரிந்திருக்கும்.

"இன்னாம்மா கனகம், யாரோ ஜொரத்துல கீறவன் மொனகற மாதிரி கீது?" என்று கீழேயிருந்து சந்திரம்மாள் கேட்டாள்.

"ரசிக்கத் தெரியாட்டி காதைப் பொத்திக்கினு படுங்க" என்றேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமையானால் பூந்தமல்லி வழியாகச் சென்ட்ரலுக்கு பஸ். மூர் மார்க்கெட்டில் சோப்புப் பெட்டியும் ஓட்டை டிரங்கும் விற்கிற கடைகளில்கூட ஏதோ ஒரு மூலையில் ரிக்கார்டுக் கட்டு இருக்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்ப்பேன். பெரிய ஓட்டை தெரிந்தால் சட்டென்று உருவியெடுப்பேன். லேபிளைத் திருப்பினால் அது வேறு யாராவதாக இருக்கும். பல ஞாயிறுகள் விரல் நுனியில் கறுப்புத் தூசியோடு சும்மா திரும்பியிருக்கிறேன். கிடைத்த நாளில், லேபிள் நனையாமல் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவி, பழைய வாயில் புடவைத் துண்டால் ஒற்றியெடுத்து, ஜன்னலோரம் நிழலில் காயவைப்பேன். வேறு பாடகர்களின் பெரிய ஓட்டை ரிக்கார்டுகளும் வரத்தான் செய்தன. சீந்தவில்லை. எனக்கு லாந்தர்காரன் போதும்.

ஒருநாள் பாபு சொன்னார்: "உன்னோட ஆளு ரிக்கார்டு ஒண்ணு வந்துச்சும்மா. இன்னொர்த்தர் தூக்கிக்கினு பூட்டார். அவரும் இவனுங்களத்தான் கேட்டுக்கினு கீறாரு."

வந்ததே கோபம்! அந்த ஆளை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி வைதேன். எவனோ துட்டு கொழுத்தவன், வாங்கி அலமாரியில் அடுக்குகிறவன் என்று முடிவே கட்டிவிட்டேன். அப்புறம் அந்தக் கோபம் எப்போது எங்கே கழன்றதோ தெரியாது. பஸ்ஸில் வரும்போது அவரைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். இந்தப் பாட்டை இவ்வளவு தேடுகிறவர் எப்படிப்பட்டவராக இருப்பார்? அவரும் சாயங்காலம் காபியை ஆறவிடுகிறவராகத்தான் இருக்கவேண்டும். அவர் வீட்டிலும் பேச ஆளில்லாமல்தான் இருக்கவேண்டும். ஒரே பாட்டு இரண்டு பிரதி வந்தபோது, கீறல் விழுந்ததை நான் எடுத்துக்கொண்டு நல்லதை அவருக்கு வைக்கச் சொன்னேன். அடுத்த தடவை பாபு பல்லைக் காட்டிக்கொண்டே ரிக்கார்டோடு ஓர் உறையை நீட்டினார். "அந்தம்மாவுக்குக் குடுன்னு அவர் வுட்டுட்டுப் போனாரு." அந்த உறையை மடியில் வைத்துக்கொண்டு ஊர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கல்யாணம், குடும்பம் என்றெல்லாம் ஆசைப்பட்டேன் என்று சொன்னால் அது மிகை. ஆசையே இல்லை என்றாலும் பொய். உண்மையில் நான் விரும்பியது இதுதான்: ஒரே ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டை என்னோடு முழுசாகக் கேட்கவேண்டும். முடிந்ததும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கவேண்டும். உலகத்தில் யாரிடமும் இதைவிடச் சின்னதாக ஒன்றைக் கேட்க முடியாது என்று நினைத்தேன்.

கடைசியில் பாபு கடையிலேயே பார்த்துக்கொண்டோம். பெயர் ரகுபதி. குன்றத்தூர்க்காரர். இருங்காட்டுக்கோட்டை தாண்டி ஒரு பம்ப் கம்பெனியில் மெயின்டனன்ஸ். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம், குள்ளம், நகக்கண்ணில் கிரீஸ், சட்டை மட்டும் வெள்ளை வெளேர். மனைவி தவறி நாலைந்து வருடம் ஆகிறது என்று பாபு அவர் காது கேட்கவே எனக்குச் சொல்லி முடித்தார். மூன்று பேரும் நின்றபடியே டீ குடித்தோம்.

"அந்த நாளைக்குப் பாட்டு கீதே..." என்று அவரே ஆரம்பித்தார். "அது மட்டும் இல்லன்னா நான் ஷிஃப்டுக்கே போயிருக்க மாட்டேங்க. சம்சாரம் போன புதுசுல அதுதான் என்னை எழுப்பி உக்கார வச்சுது."

"எனக்கும் அப்படித்தாங்க" என்றேன். பாபுவுக்கு முன்னால் அழுதுவிடக்கூடாதே என்று டீயை மடக்மடக்கென்று குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

அவரிடம் இல்லாத ஒரு ரிக்கார்டு என்னிடம் இருந்தது. இரண்டு நாளைக்குத் தரமுடியுமா என்று கேட்டார். "இரவல் கொடுக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. வேணும்னா வந்து கேட்டுட்டுப் போங்க" என்றேன். இவ்வளவு முரட்டுத்தனமாக யாரும் யாரையும் வீட்டுக்கு அழைத்திருக்கமாட்டார்கள். அவர் சிரித்துவிட்டு, "சரிங்க, ஞாயித்துக்கெழம வரேன்" என்றார்.

வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்தார். ஊர் வாய்க்குப் பயந்து சந்திரம்மாளையும் மேலே கூப்பிட்டிருந்தேன். அவள் முறத்தில் அரிசியைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, கல்லைப் பொறுக்குகிற சாக்கில் அவரைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் தேடி வந்த ரிக்கார்டு இருக்கட்டும், முதலில் நாளைக்குப் பாட்டையே போடுவோம் என்று முள்ளை வைத்தேன். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்து அவருக்குப் போட்டு, நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். இதற்காகத்தானே இத்தனை நாள்!

இரண்டு வரி போனது. அவர் நெற்றியைச் சுருக்கினார். மேலே பல்பைப் பார்த்தார்.

"கரன்ட் கம்மியா வருதா இங்க?"

"இல்லையே. நல்லாத்தான் எரியுது."

அவர் எழுந்து போய்ப் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பாட்டை நிறுத்தி, பெட்டியைக் கவிழ்த்து அடியிலிருந்த தகட்டைப் படித்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ரிப்பேர் கண்டுபிடித்தவனின் வெளிச்சம்.

"இங்க பாருங்க. அறுவது சைக்கிள்னு போட்டுருக்கான். அமெரிக்கா கரன்ட்டு செகண்டுக்கு அறுவது தடவ திரும்பும். நம்மளுது அம்பதுதான். உங்க ஆளு வோல்ட்டைக் கொறச்சிட்டாரு, அது சரி. ஆனா சைக்கிளை டிரான்ஸ்பார்மர் இன்னா பண்ணும்? இந்த மோட்டாரு அதும்படிதான் சுத்தும். அதான் மெதுவா ஓடுது. என்னுது நம்மூரு பெட்டி, பெரிய ஓட்டைக்கு நடுவுல ஒரு வளையம் போட்டுக்கினேன், அதுல சரியா ஓடுது." பிறகு என்னைப் பார்த்து, பரிதாபத்தோடு, அன்பாகவே சொன்னார்: "நீங்க இத்தினி நாளா அவங்க பாட்டைக் கேக்கவே இல்லீங்க."

எனக்கு உடனே எதுவும் உறைக்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் ராங் நம்பர் போட்டுவிட்டால் வருகிற அசட்டுச் சிரிப்பு ஒன்று வந்தது, அவ்வளவுதான்.

"கவலப்படாதீங்க. மோட்டார் தண்டுக்கு மேல மாட்டற மாதிரி மோதிரம் கணக்கா ஒரு பித்தளைப் புஷ் கடைஞ்சிட்டா தண்டு கொஞ்சம் பருமனாயிடும். வேகம் சரியாயிடும். லேத்துல அரை மணி வேலை. அடுத்த ஞாயிறு கொண்டாறேன்."

"சரி" என்றேன். ஏன் சரி என்றேன் என்றால், அடுத்த ஞாயிறும் வருவார் என்பதால். வேறு காரணமே இல்லை.

அந்த வாரம் முழுக்க எப்போதும்போல் போட்டுப் போட்டுக் கேட்டேன். மெதுவாக ஓடுகிறதாமே, எங்கே என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் அவன் நடை. மனுஷன் அப்படித்தான் பேசுவான்.

ஞாயிற்றுக்கிழமை சந்திரம்மாள் மறுபடியும் முறத்தோடு வாசற்படியில் உட்கார்ந்திருக்க, அவர் பெட்டியைத் திறந்து புஷ்ஷை மாட்டினார். வேலை செய்யும்போது பல்லிடுக்கில் மெல்ல விசில் அடித்தார். வீட்டுக்குள் ஓர் ஆண் விசிலடித்துக்கொண்டு ஏதோ திருகுகிற சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். முள்ளை வைத்தார்.

எவனோ ஒரு பையன் பாடினான். குரல் மெல்லியது, மூக்கால் கொஞ்சம் வருவது. துள்ளிக்கொண்டு ஓடினான். நாளைக்கு வந்துவிடுவேன், நாளைக்கு வந்துவிடுவேன் என்று அதே வார்த்தைகளைத்தான் சொன்னான். ஆனால் இவன் நிச்சயம் வருவான். பையில் டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறான். வரும்போது மல்லிகைப்பூகூட வாங்கிவருவான். டிரம்மும் கிடாரும் கையைத் தட்டிக்கொண்டு அவனுக்கு முன்னால் ஓடின. பாட்டு சட்டென்று முடிந்துபோனது.

"இப்பதாம்மா பாட்டு மாதிரி கீது!" என்று முறத்தைக் கீழே வைத்தாள் சந்திரம்மாள்.

ரகுபதியின் முகம் மலர்ந்திருந்தது. காலால் தாளம் போட்டபடியே இருந்தவர், "இதாங்க அவங்க. கேட்டீங்களா? எம்மாங் குஷியா கீது! எந்தத் துக்கத்துல இருக்கறவனையும் எழுப்பி உக்கார வச்சிரும்" என்றார். பாபு கடையில் அவர் சொன்னதும் இதையேதான். நான்தான் வேறெதற்கோ ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன்.

"அதைக் கழட்டிடுங்க" என்றேன்.

"ஏங்க? இப்பதானே சரியா ஓடுது."

"கழட்டிட்டு ஒரு தடவை கேளுங்க. நான் கேக்கற மாதிரி. போன வாரம் பாதியில நிறுத்திட்டீங்க. எனக்காக ஒரே ஒரு தடவை முழுசாக் கேளுங்க."

கெஞ்சினேன் என்றுதான் சொல்லவேண்டும். என்னுடைய குரல் எனக்கே பழக்கமில்லாததாக இருந்தது. சந்திரம்மாள் முறத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாள். அவர் புஷ்ஷைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். என் லாந்தர்காரன் திரும்பி வந்தான். கனத்த, களைத்த குரலில் அவன் ஆரம்பித்ததும் எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. நான் ரகுபதியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் நல்ல மனுஷர். அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, துக்கம் கேட்க வந்தவர்கள் உட்காருகிற மாதிரி, கடைசிவரை கேட்டார். முடிந்ததும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

"இதுவும் நல்லாத்தாங்க இருக்கு" என்றார்.

வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக் காத்திருக்கிறவர்கள், லைன் மோசமாக இருந்தால் ஒரு கட்டத்தில் "கேக்குது, கேக்குது" என்று சொல்லிவிடுவார்கள். ஒரு எழுத்துக்கூடக் கேட்டிருக்காது. எதிர்முனையில் கத்துகிறவருக்காகப் பாவப்பட்டுச் சொல்வது. அந்தத் தொனியை நான் நாளெல்லாம் கேட்கிறவள். அவர் சொன்னதில் இருந்தது அதுதான். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கேட்காததைக் கேட்கிறது என்று சொல்வதற்கும் ஒரு நல்ல மனசு வேண்டும்.

காபி குடித்தார். தேடி வந்த ரிக்கார்டை நானே எடுத்துக் கொடுத்தேன். "இரவல் இல்ல, வச்சுக்கங்க. உங்க வீட்டுல அது நல்லாப் பாடும்" என்றேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். புஷ் மேஜையிலேயே இருக்கட்டும், மனசு மாறினால் நாகப்பனைக் கூப்பிட்டு மாட்டிக்கொள்ளலாம் என்று மட்டும் படியிறங்கும்போது சொன்னார். அடுத்த ஞாயிறு பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் பாபு கடையில் பார்த்துக்கொண்டோம். வணக்கம் சொல்வோம், மழையைப் பற்றிப் பேசுவோம், ரிக்கார்டுக் கட்டைப் புரட்டுவோம். எதிரெதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு பேரும் வேறு வேறு ஆளைத் தேடிக்கொண்டிருப்போம்.

அவர் பஸ் ஏறிப் போன அந்தச் சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ரகுபதிக்காகவும் அழுதேன்தான். அதைவிட வேறொன்று என்னைப் போட்டு வதைத்தது. அமெரிக்காவில் இருக்கிற அந்தப் பையனைக் கூட்டிவந்து இங்கே உட்காரவைத்து இதைக் கேட்கச் சொன்னால், இது யார் என்று அவனே கேட்பான். அங்கே ஆயிரக்கணக்கான பேர் இதே ரிக்கார்டை வாங்கியிருப்பார்கள். அவர்கள் ஒருவருக்கும் என் ஆளைத் தெரியாது. அவன் எந்த ஊரிலும் பிறக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் கரன்ட்டில், இந்த மாடியறையில், நான் முள்ளை வைக்கும்போது வருகிறான், எடுத்தால் போய்விடுகிறான்.

எனக்கென்று யாரும் இல்லையே என்றுதான் ஞாயிறு ஞாயிறாக அவனைத் தேடித் தேடிச் சேர்த்தேன். அன்றைக்குத்தான் புரிந்தது, அவனுக்குத்தான் யாரும் இல்லை. நான் ஒருத்தி கேட்பதை விட்டுவிட்டால் அவன் கதை அதோடு முடிந்தது.

"சாப்புட வாம்மா, ரசம் வச்சிக்கீறேன்" என்று கீழேயிருந்து சந்திரம்மாள் கூப்பிட்டாள். அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"வரேங்க, ஒரு பாட்டு முடியட்டும்" என்று குரல் கொடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, முள்ளை மறுபடி முதலிலிருந்து வைத்தேன்.